கைநாடி எண்பத்திரண்டு

— சத்தியமா சொல்றேன் நர்சம்மா, என் கையை உதைச்சுது. விடிகாத்தால அக்கா வயித்து மேல கை போட்டுத் தூங்கினு இருந்தேன். ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம்.

— வாயுடி உண்ணாமல. ராத்திரி தின்ன மொச்சக்கொட்டை வேலை. நர்சம்மா, நாளைக்குக் காத்தால எனக்குப் பட்டணம் பஸ்ஸு. திங்கக்கெழம ஆபரேசன், கர்ப்பப்பையையே எடுத்துடறாங்க. இந்த நேரத்துல உங்கள இழுத்தாந்து நிக்க வச்சுக்கிறா பாருங்க.

— இருக்கட்டும் ஆதிலட்சுமியம்மா. வந்ததுக்குப் பாத்துட்டே போறேன். பாய்ல படுங்க. இது என்ன, வாசப்படியில ரெண்டு பை? எல்லாரும் பட்டணம் போறியளோ?

— ஒண்ணு அக்காவுது. இன்னொண்ணு... அது அழுக்குத் துணி நர்சம்மா.

— பைய வுடுங்க நர்சம்மா. வயித்தப் பாருங்க.

— சரி. கட்டின்னு யாரு சொன்னது?

— பட்டணத்து ஆஸ்பத்திரியில. மார்கழியில போனோம். மாசத்துல இருவது நாள் உதிரம் போவும், எழுந்தா தலை சுத்தும். கை வச்சுப் பாத்துட்டு, கர்ப்பப்பையில கட்டிம்மா, ஆனியில வா எடுத்துடலாம்னாங்க.

— இப்பமும் போகுதா?

— இல்ல, தையோட நின்னுபோச்சு. மேல்மலையனூர் வைத்தியர் குடுத்த லேகியம். கைமேல பலன்.

— வாந்தி?

— கசப்பு லேகியமாச்சே, வராதா?

— வயிறு மட்டும் பெருசாகுது?

— கட்டி வளருது.

— நல்லாருக்கு. நின்னது லேகியத்தால, வாந்தி லேகியத்தால, வயிறு கட்டியால. வேற நெனப்பே ஓடலியா உங்களுக்கு?

— பதினெட்டு வருசமா இல்லாதது முப்பத்தொம்போது வயசுலயா வரும்? அந்த நெனப்ப என்னிக்கோ தொலைச்சுட்டேன்.

— பாத்தியாக்கா, நர்சம்மாவுக்கும் சந்தேகம் வந்துடுச்சு பாத்தியா?

— சும்மா கெட. நீ எதுக்குத் துள்றன்னு தெரியும். ஆவணியில சிங்கவரம் கோயில்ல உன் மாமா, என் வீட்டுக்காரரு, உனக்குத் தாலி கட்டணும். இந்த வீட்டுக்கு ஒரு புள்ள வேணும்னு வாக்கு குடுத்தவ நான். அதுல உனக்கு இஷ்டமில்ல, கதை கட்ற.

— இஷ்டமில்லதான். அதுக்காக உதைக்காதத உதைச்சுதுன்னு சொல்வனா?

— ரெண்டு பேரும் வாயை மூடுங்க. கை சொல்லுதது எனக்குக் கேக்கணும். இந்தா, வலப்பக்கம் ஒண்ணு. விளாங்கா கணக்கா கெட்டியா இருக்கு, அமுக்கினா அமுங்கல. டாக்டர் சொன்னது பொய்யில்ல. கட்டிதான்.

— கேட்டுக்கினியா உண்ணாமல? போதும் நர்சம்மா, எழுந்துக்கிறேன்.

— படுங்கன்னேன்லா. கட்டி அங்கன கிடக்கு. மீதி வயிறு மெத்துனு இருக்கு, கை வச்சதும் இறுகுது, பொறவு இளகுது. கட்டி அப்படிச் செய்யாது, போட்ட இடத்துல கிடக்கும். தங்கச்சி, என் பெட்டியில மரக்குழாய் இருக்கும், எடு.

— இதுவா? ஊதல் மாதிரி இருக்குது.

— அதான். ஒரு முனை வயித்துல, ஒரு முனை என் காதுல. யாரும் பேசப்படாது.

— கேக்குதா? நர்சம்மா, கேக்குதா?

— என்னமோ கேக்கு.

— அக்கா, கேக்குதாம்.

— குதிக்காத. கட்டியில ஓடுத ரத்தமும் சத்தம் போடும். நானே ஒருக்க ஏமாந்திருக்கேன். ஆனா அது தாயோட நாடி கூடவே ஓடும், முந்தாது. நீ அக்கா மணிக்கட்டைப் பிடி, பெருவெரலுக்கு நேர் கீழ. துடிக்கா? நான் கடிகாரம் பாத்து 'ம்'முன்னதும் எண்ணு, அடுத்த 'ம்'முக்கு நிறுத்து. நானும் குழாயில எண்ணுதேன். ம்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு...

— மனசுக்குள்ள எண்ணு. மறுபடியும் மொதல்லருந்து. ம்.

— உண்ணாமல, நெகம் குத்துது, பாத்துப் புடிடி.

— ம். எத்தனை?

— எம்பத்திரெண்டு.

— சரியா எண்ணினியா?

— பதினொண்ணாவது பாஸ் நர்சம்மா, எண்ணத் தெரியாதா? உங்களுக்கு எத்தினி?

— நூத்தி நாப்பத்தாறு.

— அப்படின்னா?

— அப்படின்னா இது உங்க அக்கா நாடி இல்ல. கட்டி போடுத சத்தமும் இல்ல. உள்ள இன்னொரு நெஞ்சு அடிக்கு. அஞ்சு மாசம் தாண்டியாச்சு.

— நர்சம்மா, இன்னொரு தரம் எண்ணுங்க.

— பத்து தரம் வேணும்னாலும் எண்ணுதேன். ம்... ம். இங்க நூத்தி நாப்பத்தஞ்சு. அங்க?

— தொண்ணூத்தாறு.

— எனக்கு நெஞ்சு ராஜகிரி மலை ஏறினாப்போல அடிக்குது, கணக்கு ஏறாம இன்னா செய்யும்? உண்ணாமல, கைய வுடாத. திங்கக்கெழம மேசையில படுத்திருப்பேனேடி.

— அழாதீங்க. நாளைக்குப் பஸ் வேண்டாம். டாக்டரம்மாவுக்குச் சீட்டு எழுதித் தாரேன், அடுத்த வாரம் நிதானமா போய்க் காட்டுங்க. கட்டியும் கூடவே இருக்கு, பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியிலதான். அந்த லேகியத்தைக் குப்பையில கொட்டுங்க. கடைக்குப் போயி உங்க வீட்டுக்காரர்ட்ட நான் சொல்லட்டுமா?

— நீங்களே சொல்லுங்க, எனக்கு வாய் வராது. உண்ணாமல, நர்சம்மாவுக்குச் சக்கரை எடுத்தா.

— திரும்பி வந்து வாங்கிக்கிடுதேன். மொதல்ல பஜாருக்குப் போறேன்.

— அக்கா, குடைய வுட்டுட்டு ஓட்டமா ஓடறாங்க. செருப்பு கூட மாத்திப் போட்டுக்கினாங்க. ஒண்ணு உன்னுது.

— சிரிக்க வைக்காதடி, வயிறு குலுங்குது. பஸ்தான் இல்லன்னு ஆயிடுச்சே. என் பையப் பிரிச்சுப் புடவைங்கள பெட்டியில வை.

— அக்கா.

— இன்னா?

— இன்னொரு பையில இருக்கறது அழுக்குத் துணி இல்ல. விழுப்புரத்துல வாத்தியார் ட்ரெயினிங்குக்கு எனக்கு எடம் வந்துக்குது. சேர நாளைக்குத்தான் கடைசி. நீயும் மாமாவும் பஸ் ஏறினதும், சொல்லாம கொள்ளாம ஓடிடலாம்னு இருந்தேன். நீ ஆபரேசன் பண்ணிக்கினு கெடக்கறப்ப. இப்ப நெனைச்சா எனக்கே கேவலமா இருக்குது. அதையும் பிரிச்சுடட்டா?

— அதப் பிரிக்காத. அடியில என் கம்பளி இருக்குது. உனக்கு வந்த கார்டை முந்தாநாளே எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். வாக்கு குடுத்த வாயால போடின்னு சொல்ல வரல. ஹாஸ்டல்ல குளுருமேன்னு நேத்து நான்தான் மடிச்சு வச்சேன்.