ஐம்பத்தெட்டு வெள்ளணுக்களை எண்ணிச் சொன்ன லோர்னா பெங்கெல்லி அம்மையாருக்கு

நுண்ணோக்கியில் நோயின் நுனி கண்ட நுண்ணறிவே! சாயமேறிய சிறு கண்ணாடித் துண்டில் சத்தியம் தேடிய சான்றாண்மையே! அடிலெய்டில் எங்கள் திசு ஆய்வுக்கூடத்தை முப்பத்தொரு ஆண்டுகள் முறுவலோடு நடத்தி, இன்று பணி ஓய்வு பெறும் முதல்வியே! வணக்கம்.

தங்கள் திறம் கூற 2004ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி போதும். மவுன்ட் காம்பஸ் ஊரின் பால்பண்ணைக்காரர் க்ளென் ஸ்வாட்லிங், இறைச்சியும் ரொட்டியும் நெஞ்சில் சிக்கிப் பத்தாண்டுகள் தவித்தவர். பிறர் முன் உண்ணவே கூசியவர். அமில எரிச்சல் என்று முடிவுகட்டி, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. அவரது உணவுக்குழாயின் அடிப்பகுதித் திசுவில் தாங்கள் கண்டவையோ, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்று ஒளிரும் ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள்! குடலில் குடியிருக்கும் அவை, நலமான உணவுக்குழாயில் காலெடுத்து வைப்பதில்லை. மும்முறை எண்ணினீர்கள், அறுவைக்கு நாள் குறித்த மருத்துவர் டெஸ் ஹாலரனைத் தொலைபேசியில் அழைத்தீர்கள்.

"அமில எரிச்சல்லயும் ரெண்டு மூணு வரத்தான் செய்யும் லோர்னா. இதுக்குப் போய் ஆபரேஷனை நிறுத்தச் சொல்றீங்களா?" என்று சீறினார் அவர்.

"ரெண்டு மூணு இல்ல டெஸ், நுண்ணோக்கியோட ஒரே பார்வை வட்டத்துல ஐம்பத்தெட்டு! அமிலம் அடிப்பகுதியைத்தான் சுடும், அதனால குழாயோட மேல்பகுதியிலயும் துண்டு எடுத்துக் குடுங்க. அங்க இல்லன்னா நான் வாயே திறக்கல."

அங்கும் மொய்த்திருந்தன! உணவைப் பகையென மயங்கிய டி அணுக்கள் என்னும் உடலின் காவல் அணுக்கள் அழைக்க, ஓடிவந்த ஈயோசினோஃபில்கள் நஞ்சைக் கொட்டிக் குழாயை வீங்கி இறுகச் செய்திருந்தன. கத்தி விலகியது. உணவுகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்ததில் பிடிபட்டது பால்!

"நூத்தம்பது மாடு வெச்சிருக்கேன், அதுங்க பாலே எனக்கு ஆகாதா?" என்று அலறினார் க்ளென்.

"மாட்டைத் திட்டாதீங்க. கறக்கிறதுதான் உங்க வேலை, குடிக்கிறது இல்ல" என்றார் அவர் மனைவி பெரில்.

மூன்றே மாதத்தில் திசு தெளிந்தது. ஒரு திங்கட்கிழமைக் காலை க்ளென் நம் ஆய்வுக்கூடத்துக்கே தொலைபேசியில் அழைத்து, "நேத்து எல்லார் கூடவும் உக்காந்து ஆட்டுக்கறி தின்னேன் டாக்டர்! தண்ணி குடிக்காமலே இறங்கிருச்சு!" என்று கத்தியதும், வெள்ளை அங்கியோடு தாங்கள் ஆடிய ஆட்டத்தை நாங்கள் மறவோம்!

அன்று சீறிய ஹாலரன்தான், வேறு எவரும் எழுதக் கூடாதென அடம்பிடித்து, இம்மடலைத் தம் கையால் எழுதியவர். அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், இருபது ஆண்டு தாமதமாகிவிட்டது என்கிறார். தாங்கள் சிரித்தே ஏற்பீர்கள் என்றும் அவருக்குத் தெரியும்.

அன்புடையீர்! உடல் நலமும் உள்ளக் களிப்பும் ஓங்கி நெடிது வாழ்க! தாங்கள் உண்ணும் ஒவ்வொரு கவளமும் உற்றார் நடுவே இனிதே இறங்குக!

தங்கள் கண்கூர்மையை நம்பிக் கற்ற,
திசு ஆய்வுக்கூடத்தார், உணவுக்குழாய் மருத்துவப் பிரிவினர்