சவுரியம்மாள் அடுக்கிய பலகை

தலைமையேற்றிருக்கும் தோல் தொழிலாளர் மன்றத் தலைவர் அப்துல் ஹமீத் சாகிப் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையும் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

செய்யாத குற்றத்துக்குச் சவுரியம்மாளை வேலையை விட்டுத் துரத்தினார்கள். பொங்கல் மேடையில் இதைப் பேசலாமா என்கிறார்கள். இங்கே பேசாமல் எங்கே பேசுவேன்?

நம் தொழிற்சாலை விருந்தினர் விடுதியில் பதினோரு ஆண்டுகள் சமைத்தவர் அவர். சென்ற கிறிஸ்துமஸுக்கு அயர்லாந்திலிருந்து பேட்ரிக் என்ற தோல் வியாபாரி வந்தார். அவருடைய அக்கா தம் பண்ணையில், தம் பசுக்களின் பாலில், தம் கையால் செய்த மூன்று பாலாடைக்கட்டிகளை அவர் கொண்டுவந்தார். அக்கா ஐப்பசியில் இறந்துவிட்டார். அந்தக் கை இனி ஒன்றும் செய்யாது. கடைசி மூன்றையும் நம்மோடு பகிர்ந்து உண்ண வந்த மனிதர் அவர்!

பேட்ரிக் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்துச் சவுரியம்மாள் தேக்குப் பலகையில் அடுக்கினார். முதலில் துணி சுற்றிய கெட்டிக் கட்டி. அடுத்து ஆரஞ்சு நிறத் தோல் போர்த்திய இளகிய கட்டி. கடைசியில், நீலப் பூசணம் நரம்பாய் ஓடிய காரக் கட்டி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி. நடுவில் கறுப்புத் திராட்சை, ஓரத்தில் உப்பு பிஸ்கட்.

விடுதி மேலாளர் கனகராஜ் வந்தார். தோல் கிடங்கில் இருபது வருடம் இருந்தவர். தோலில் பூசணம் கண்டால் துடை, சரக்கு வாங்க வரும் பையர் கண்ணில் காட்டாதே! அதுதானே நாமெல்லாம் கற்ற பாடம்?

"இன்னாம்மா இது? பூசணம் புடிச்ச சரக்க பையர் முன்னாடி வைப்பியா? சுரண்டு!"

"அது அப்டித்தாண்ணா இருக்கணும். படத்துலயே நீலமா கோடு போட்டுக் குடுத்துருக்காரு."

"எனக்கே பாடம் நடத்துறியா? சுரண்டுன்னா சுரண்டு!"

அங்கே யாரப்பா சிரிப்பது? "ஊசிப்போனதுக்கா பெரியவரே இவ்ளோ பேஜாரு?" என்கிறாயா? ஊசிப்போகவில்லை, தம்பி. அந்தப் பூசணம்தான் அதன் உயிர், அதன் மணம், அந்த அக்காவின் கைப்பக்குவம்!

சவுரியம்மாள் சுரண்டினார். நீல நரம்பைத் தோண்டினார், ஆரஞ்சுத் தோலை உரித்தார், உப்புநீரில் கழுவினார். பேட்ரிக் வந்து பார்த்தார். கோபித்தாரா? இல்லை. குப்பைக்கூடைப் பக்கம் குனிந்து, சுரண்டிய துணுக்குகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார்.

"யார் செஞ்சது?" என்றார் முதலாளி. "சமையல்காரம்மா தெரியாம செஞ்சிட்டாங்க" என்றார் கனகராஜ். அம்மாள் வாய் திறக்குமுன் சமையலறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று முதல் அவர் கோயிலுக்கும் வருவதில்லை. "செத்தவங்க கடைசியா செஞ்சத நான் அழிச்சிட்டேனே பெரியவரே" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

பரிமாறப் போன நானும் திராட்சைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அந்த அறையில்தான் நின்றேன். வாய் இருந்ததா? இருந்தது. திறந்ததா? இல்லை. அதனால்தான், சமாதானமாகப் போ என்றால் இன்று போகமாட்டேன்.

கசப்பைப் பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. இனி நடக்க வேண்டியது இது. கனகராஜ் இந்த மேடையேறி "நான்தான் சுரண்டச் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். முதலாளி, சாவியை அந்த அம்மாள் வீட்டு வாசலுக்குத் தாமே கொண்டுபோய்த் தர வேண்டும். தலைவர் அவர்களே, மன்றம் அயர்லாந்துக்கு உண்மையை எழுத வேண்டும். அதன் அடியில், வாய்மூடி நின்ற சாட்சி ரத்தினசாமி என்று, நாற்பது வயதில் நானே கற்ற எழுத்தில் நான் முதல் கையெழுத்துப் போட வேண்டும். தாய்மாரே, அந்தக் கடிதத்தைச் சவுரியம்மாளுக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டும்; அவர் சுவரை விட்டு உங்கள் முகம் பார்க்கும்வரை, திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். வணக்கம்.