ஜேர்மனிச் சத்தம்

— நீங்கள் நேற்று முரசுமோட்டைத் திருவிழாவுக்கு வந்தனீங்களோ, அப்பா?

— வந்தனான். மகன்ர கச்சேரியெல்லோ. வெளி வீதியில, கச்சான் கடலை விக்கிற இடத்தில நிண்டனான். உள்ளுக்கு வரேல்லை, நீ பயப்பிடாதை.

— நான் ஏன் பயப்பிடுறன்?

— சரி, விடு. அந்தக் கடைசிப் பாட்டில ஒரு சத்தம் நீளமா இழுபட்டுது கண்டியோ, அது எதின்ர சத்தம், ரூபன்?

— அது... லப்டொப்பில செய்யிறது.

— எட மோனை, லப்டொப் என்ன மாட்டுத்தோலோ?

— உங்கட பறைதான், அப்பா. இளையதம்பியற்ற செத்தவீட்டில நீங்கள் அடிக்கேக்க போனில பிடிச்சனான்.

— என்ர பறை இப்பிடி இழுபடாதே. ஒரு அடி அடிச்சா அதோட முடிஞ்சுது.

— அந்த ஒரு அடியைப் பொடிப்பொடியா வெட்டுறது. வெட்டின துண்டுகளை வரிசையா அடுக்கி, ஒண்டைத் திருப்பித் திருப்பிச் சுத்த விட்டா நாதம் மாதிரி நீளும். அதில இருந்து அடுத்த துண்டுக்கு மெல்ல நகர்த்த, குரல் மாறிக்கொண்டே போகும். கீபோட்டில எந்தச் சுரத்திலயும் வாசிக்கலாம். வேவ்டேபிள் எண்டு சொல்லுறது.

— கெட்டித்தனந்தான். ஏன் அவ்வளவு பொடியா வெட்டினனி? பறையெண்டு ஒருத்தருக்கும் பிடிபடக் கூடாதெண்டோ?

— அப்பிடியில்லை...

— உள்ளதைச் சொல்லு மோனை.

— ஓம். அதுக்குத்தான்.

— கோயில் தலைவர் மைக்கில கேட்டாரே, இது எந்த நாட்டு வாத்தியம் தம்பியெண்டு.

— ஜேர்மனியெண்டு சொன்னனான். வாய் கூசாமல் சொன்னனான், அப்பா. சனமெல்லாம் கைதட்டிச்சுது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல கிடந்தது. இண்டைக்கும் வாசிக்கச் சொல்லியிருக்கினம்.

— பிறகென்ன, வெளிக்கிடு.

— போவன். மேடையில ஏறி, இது பறை, அடிச்சது என்ர அப்பா நடராசா எண்டு சொல்லப்போறன்.

— விசர்க்கதை கதையாதை. அந்த மேடையில பிறகு உன்னை ஏத்துவினமோ?

— ஏத்தாட்டிப் போகட்டும். உங்கட முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு.

— என்னைப் பார். நிமிந்து பார், மோனை. நேற்று அந்தக் கச்சான் விக்கிற பிள்ளை கேட்டவள், அண்ணை, மேடையில நிக்கிற பெடியன் உங்கட சாயலாக் கிடக்கு, மகனோ எண்டு.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— எனக்குப் பிள்ளையளே இல்லைத் தங்கச்சி எண்டனான்.