போதகர் மைக் பிடிச்ச சனிக்கிழமை

திட்டம் போட்டுப் பண்ணுனதாம்! கேட்டீங்களாம்மா அநியாயத்த? இப்ப பஸ் டிரைவர் ரேடியோவுல ஒருத்தன் சொன்னானே... வெர்லன் ப்ரூயிட் கச்சேரியில அவங்கப்பா மேடையேறுனது வெறும் விளம்பரமாம்! இவன் கண்டானா? அன்னிக்கு வெர்லனுக்குப் பின்னாடி "ஊஊ..." பாடுன மூணு பொண்ணுங்கள்ல நடுவுல நின்னவ நான்! பச்சை ஜிகினா கவுனு. ரொம்ப இறுக்கம், மூச்சு விட்டா ஊக்கு தெறிக்கும்... சரி, அது கெடக்கு. பைய மடியில வச்சுக்கோங்க.

வெர்லன் பருத்திக் காட்டுல பொறந்தவன்மா. அப்பா சர்ச்சுப் போதகரு. ஞாயித்துக்கிழமை இவன் வாயத் தொறந்தா பொம்பளைங்க தொப்பி பறக்கும்! அந்தக் குரல வச்சுக்கிட்டு மெம்பிஸ் பட்டணம் வந்து, சோல் பாட்டுன்னு சர்ச்சு மெட்டுலயே காதல் பாட்டா பாடித் தள்ளுனான். முடி வெட்டுற கடை, மீன் வறுக்குற கடை, எங்கயும் அவந்தான்! போதகரு மட்டும், "கர்த்தர் குடுத்த தொண்டைய சாராயக் கடையில வித்துட்டான்"னு வீட்டுக் கதவச் சாத்திட்டாரு. பேச்சே இல்ல. கிறிஸ்துமஸுக்கு இவன் பன்னித்தொடை அனுப்புனா அப்படியே திரும்பி வரும். நாங்கதான் தின்னோம்... நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் அந்த சனிக்கிழமை! தியேட்டர்ல கால் வைக்க எடமில்ல. நடுப்பாட்டுல பாத்தா... கறுப்புக் கோட்டு, கையில பைபிள்! "எறங்குடா கீழ!"ன்னு கத்திக்கிட்டே மேடையேறிட்டாரு மனுசன். சனம் அதையும் ஆட்டத்துல சேத்துக்கிச்சு. விசிலு! கைதட்டு! வெர்லன் என்ன பண்றதுன்னு தெரியாம மைக்க அப்பங்கிட்டயே நீட்டிட்டான்.

"பாவிகளா!"ன்னாரு. ஆர்கன்காரன் ஒரு கட்டைய அமுக்கிட்டான். அவனும் சர்ச்சுல வளந்தவன், கை கேக்குமா? "மனந்திரும்புங்க!"ன்னாரு. டிரம்மு டம்முன்னுச்சு. நாங்க மட்டும் சும்மா நிக்கவா... "ஊஊ"ன்னோம்! அவ்வளவுதாம்மா! கோட்டக் கழட்டி வீசுனாரு! அப்பனும் மவனும் மாத்தி மாத்திப் பாட... என் ஊக்கு தெறிச்சே போச்சு!

எறங்குனதும் மூஞ்சத் தொடச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "சாப்பிட்டியாடா?" வெர்லன் கொழந்தையாட்டம் அழுதான். இதையா அந்த ரேடியோக்காரன் திட்டம்ங்கறான்?

அந்த வருசக் குளிருலயே வெர்லன் செத்துப் போயிட்டான்மா. ஆட்டம் முடிஞ்சு வேத்து வழிய பனியில வந்து நிக்காதடான்னா கேப்பானா? சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு. இருபத்தாறு வயசு... ம்ம்.

அடக்கத்தன்னிக்கு சர்ச்சுல பாட்டுக்காரங்க இழுத்து இழுத்து ஆரம்பிச்சாங்க. போதகரு எந்திரிச்சாரு. "நிறுத்துங்க! எம் புள்ள இவ்வளவு மெதுவா எங்கயும் போனதில்ல!" கால ஒரு தட்டுத் தட்டி, என்னயப் பாத்தாரு. "ஏம்மா, அந்த ஊஊ-வ எடு." சவப்பெட்டி முன்னாடிம்மா! எடுத்தேன். கண்ணுல தண்ணி, காலு தானா தாளம் போடுது. சர்ச்சே எந்திரிச்சு ஆடுச்சு! முன்னாடி நின்னு ஆடுனவரு அவருதான்.

இருங்க, பாடியே காட்டுறேன். ஊஊ... ஏம்மா! எங்க எந்திரிக்கிறீங்க? இது நீங்க எறங்குற எடமில்லையே! அம்மா...

போயிட்டாங்க. பாவம், கண்ணு கலங்கிருச்சு போல.

ஐயா... தொப்பி போட்ட ஐயா! நீங்க கடைசி வரைக்கும் வருவீங்கல்ல?