இரண்டு ஜெம், ஒரு பூட்டு

வென்ட்ஸி, என் கண்ணே, இத்தனை பேர் உனக்காக வந்திருக்கிறார்கள். உன் நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது.

இந்த நினைவுக் கூட்டத்தில் மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவன இயக்குநர் ப்ளாமென் அவர்களே, அவனோடு வேலை பார்த்த பிள்ளைகளே, வண்டி ஓட்டும் அண்ணன்மார்களே, வணக்கம். நான் வென்ட்ஸிஸ்லாவின் அக்கா. அதிகம் படிக்காதவள். ப்ளோவ்திவ் ஆலையில் பிளம்ஸ் பழப்பாகு கிண்டுகிறவள். எங்கள் பல்கேரியப் பேச்சில் பழப்பாகுக்கு ஜெம் என்று பெயர். இவன் வேலை செய்த ரூபி என்ற கணினி மொழியிலும், யாரோ செய்து வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பாகங்களுக்கு ஜெம் என்றுதான் பெயராம். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று,

"ஏன்டா, எங்க ஆலைக்கே போட்டியா?" என்றேன்.

"ஆமாக்கா. உன் ஜெம் அடிபிடிக்கும். என் ஜெம் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும்."

என்ன சண்டை? சிறுநீரகம் கெட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வண்டிகளுக்கு இவர்களுடைய நிரல்தான் நேரம் சொல்கிறது. அதில் நாள் குறிக்க ஒரு ஜெம், ஓட்டுநருக்குச் செய்தி அனுப்ப ஒரு ஜெம். இரண்டும் மூன்றாவது ஒன்றை நம்பி நிற்கின்றன. நாள் குறிக்கும் ஜெம்முக்கு அதன் பழைய பதிப்புதான் வேண்டும். செய்தி ஜெம்மின் புதுப் பதிப்போ புதியதைத்தான் கேட்கிறது. இரண்டு பதிப்பும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது.

எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று குறித்து வைத்த கோப்புக்குப் பூட்டு என்று பெயர். ஒருமுறை சண்டை தீராமல், இவனோடு வேலை பார்க்கும் கலினா அந்தப் பூட்டையே அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இறக்கினாள். நேரமெல்லாம் குழம்பி, வண்டி வராமல் ஒரு பெரியவர் பனியில் நின்றார். இவன் அவளைத் திட்டினானா? இல்லை. அடக்கத்தன்று அவளே சொல்லி அழுதாள்.

"பூட்ட உடைச்சா சண்ட தீராதும்மா, வீடு பூரா பரவும். யாரு யாரப் பிடிச்சு வச்சிருக்கான்னு கேளு. ஒருத்தர மட்டும் நகத்து" என்றானாம்.

இந்த மாதக் கடைசியோடு செய்தி ஜெம்மின் பழைய பதிப்பு வேலை செய்யாமல் நின்றுவிடும். அதற்குள் சண்டை தீராவிட்டால் வண்டிக்காரருக்குத் தகவல் போகாது. அந்தச் சிக்கலைத்தான் முடிச்சு முடிச்சாகப் பிரித்துக்கொண்டிருந்தான். மேசையிலேயே அவன் நெஞ்சு நின்றுபோனது. அவசரத்தில் மறுபடியும் பூட்டை அழித்துவிடாதீர்கள், பிள்ளைகளே. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

கலினா எழுந்து நிற்கிறாள். என்னம்மா?

"தொட மாட்டோம்க்கா. ஒவ்வொண்ணா நகத்திப் பாக்குறோம். ஆனா அவர் எதுவரைக்கும் வந்திருந்தார்னுதான் தெரியல."

எனக்கும் தெரியாதே, அம்மா. அவனைத்தான் கேட்க வேண்டும். வென்ட்ஸி, உன் கை நின்றபோது எந்த முடிச்சில் இருந்தது?