தழும்பு சொன்ன சாட்சி

லிஃப்ட் நின்றுபோனதால் மூன்று மாடி படியேறி வந்து, "இதய டாக்டருக்கே நெஞ்சு படபடன்னு அடிக்குதே" என்று நம்மைச் சிரிக்க வைத்த தலைவர், அறுவை மருத்துவப் பேராசிரியர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! தளர்ந்த இதயத்துக்குத் துணையாகப் பம்பு பொருத்தி, அதன் பேட்டரியைத் தோளில் தொங்கவிட்டு, லிஃப்ட் நிற்கும் முன்பே வந்து முன்வரிசைகளைப் பிடித்துக்கொண்ட நண்பர்களே! அவர்களுக்கு மாத்திரையோடு மண்டகப்படியும் வேளை தவறாமல் வழங்கிவரும் தாய்மார்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சம்பளம் வாங்குபவன். இதயத்தைப் பாடுவோர் உண்டு; பரிசளிப்போர் உண்டு; பறிகொடுத்தோரும் உண்டு. நான் அதை மெழுகில் பதித்து மெல்லிதாகச் சீவிப் பார்ப்பவன். ஆகவே என்னிடம் உருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

தளர்கின்ற இதயம் என்ன செய்கிறது? தவிக்கிறதா? தூங்குகிறதா? இல்லை, தன் பேச்சை மாற்றிக்கொள்கிறது! நம் மரபணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. கருவில் இருந்தபோது பேசிய சில, பிறந்தபின் வாயடைத்தன. கருவிலே பெரும்பாலும் சர்க்கரையை எரித்த இதயம், வெளியே வந்ததும் கொழுப்பை எரிக்கக் கற்றது. அதே இதயம் தளரும்போது கற்றதைக் கைவிடுகிறது. அன்று அடங்கியவை இன்று எழுகின்றன. அன்று பேசியவை இன்று மீண்டும் பேசுகின்றன! வரவு குறைந்த வீடு சிக்கனத்துக்கு இறங்குவதைப்போல, வலு குறைந்த இதயம் குழந்தைக் காலத்துச் செலவுக்கு இறங்குகிறது. "உப்பை வெளியேற்று, நீரை வெளியேற்று, என் பாரத்தைக் குறை" என்று சிறுநீரகத்துக்குத் தூது விடும் மரபணுவும் அப்போது உரத்துக் கூவுகிறது.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? "என் நெஞ்சும் கொழந்தையாயிருச்சா?" என்றா? கொஞ்சம் ஆகியிருக்கும். பக்கத்தில் உங்கள் வீட்டம்மா, "நெஞ்சு மட்டுமா?" என்கிறார். அதற்கு என்னிடம் நுண்ணோக்கி இல்லை, அம்மா.

ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கதையைச் சொல்கிறேன். சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நாற்பது வயது. ஒரு காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது இதயத்தின் வலுவையும் எடுத்துக்கொண்டு போனது. காரணம் தேடிய மருத்துவர்கள், கழுத்து இரத்தக்குழாய் வழியே நுனியில் பல் வைத்த மெல்லிய கம்பியை இறக்கி, கடுகளவு தசையைக் கிள்ளி எடுத்தார்கள். கருவின் மரபணுக்கள் அதில் கச்சேரியே நடத்திக்கொண்டிருந்தன. பிறகு பம்பு பொருத்தினார்கள். அவர் சொன்னார்: "எத்தனையோ லிஃப்ட்ட மேல ஏத்தியிருக்கேன் சார். என் நெஞ்சு மட்டும் தரைத்தளத்துலயே நின்னுபோச்சு."

ஓராண்டு ஓடியது. ஓய்வெடுத்த இதயம் தேறத் தொடங்கியது. பம்பின் வேகத்தைக் குறைத்து ஸ்கேன் எடுத்தார்கள்; இதயம் தானே தாங்கியது. பம்பை எடுத்துவிடலாமா? எடுத்த பிறகு இதயம் கைவிட்டால் ஆள் இல்லை. எடுக்காவிட்டால் அவருக்குத் தொழில் இல்லை. ஒயரும் பேட்டரியுமாக லிஃப்ட் குழிக்குள் யார் இறங்க விடுவார்கள்? மரபணுவையும் கேட்டுவிடுவோம் என்று மறுபடி கிள்ளினார்கள். ஆய்வகம் அறிவித்தது: தசையின் மரபணுக்கள் மங்கல், நார் நெய்யும் மரபணுக்கள் ஓங்கல், இதயம் தேறவில்லை.

அறுவை நின்றது. அவருடைய மனைவி தையற்காரர். வாயிலும் ஊசி வைத்திருப்பவர். "போன வாரம் சரின்னீங்க, இந்த வாரம் இல்லங்கிறீங்க. அவரு நெஞ்சு என்ன ஆபீஸ் ஃபைலா, நாளைக்கு வா, நாளைக்கு வான்னு இழுக்கிறதுக்கு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அழுதுகொண்டே போய்விட்டார்.

ஸ்கேன் ஒன்று சொல்கிறது, மரபணு வேறொன்று சொல்கிறது. எனக்கு உறுத்தியது. புதுக் கருவி வந்த மிதப்பில் ஆய்வகத்தார் ஒரு பழைய வழக்கத்தை விட்டிருந்தார்கள்: மரபணுவைப் படிக்கத் தசையை அரைப்பதற்கு முன் ஒரு சீவலைக் கண்ணால் பார்க்கும் வழக்கம். அரைத்துவிட்டால் எது தசை, எது தழும்பு? உறைபெட்டியில் ஒரு துணுக்கு மிச்சமிருந்தது. வாங்கினேன்; சீவினேன்; சாயமிட்டேன்; பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை தழும்பின் நார், நார், நார்! தசை ஓரத்தில் ஒரு கீற்று.

கழுத்து வழியே இறங்கும் கம்பி வளைவது ஒரே வழியில். முட்டுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். முதல் தடவை கிள்ளிய புண் ஆறித் தழும்பாகியிருந்தது. இரண்டாம் தடவையும் அதே தழும்பைக் கிள்ளியிருந்தார்கள்!

ஆய்வகத் தலைவியிடம் ஓடினேன். "நம்பர் பொய் சொல்லாதுங்க" என்றார் அவர். "பொய் சொல்லலைங்க. தழும்பப் பத்தி உண்மையத்தான் சொல்லியிருக்கு" என்றேன். நுண்ணோக்கியில் குனிந்தார், சீவலை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தார். நிமிர்ந்ததும், "எடம் மாத்தி எடுக்கச் சொல்லுங்க" என்றார். நல்ல விஞ்ஞானிக்கு அதுவே அழகு.

இடம் மாற்றிக் கிள்ளினார்கள். பார்த்த பிறகே அரைத்தார்கள். கருவில் பேசிய மரபணுக்கள் பல வாயடைத்திருந்தன. எல்லாமா? இல்லை. கொழுப்பெரிக்கும் மரபணுக்கள் சில இன்னும் தயங்கின. தேறிய இதயம், பழைய இதயம் ஆகிவிடவில்லை. இதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னோம். "முழுசா சரியானாத்தான் ஓட்டுவேன்னா, ஒரு லிஃப்டும் ஓடாது சார். எடுங்க" என்றார். தையற்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுங்க" என்றார்.

அன்பர்களே! காயம் பட்ட இடத்தையே கிள்ளிப் பார்த்து ஒருவரின் கதையை முடித்துவிடலாமா? விழுந்த இடத்தையே தோண்டிப் பார்த்து, இவன் எழமாட்டான் என்று எழுதிவிடலாமா? தழும்பு சொல்வது உண்மை. ஆனால் தழும்பு இதயமல்ல! அரைக்கும் முன் பாருங்கள்! அறிவிக்கும் முன் பாருங்கள்! ஓரிடம் உதட்டைப் பிதுக்கினால், இன்னோர் இடத்தையும் கேளுங்கள்!

"அவரு இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்கிறார்கள். பம்பை எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் பத்தாண்டு எப்படி இருக்கும்? தெரியாது, தெரியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். இன்று எப்படி இருக்கிறார் என்பது தெரியும். முன்வரிசையில் தையற்காரர் அம்மா கைப்பையை வைத்து ஒரு நாற்காலியைப் பிடித்திருக்கிறாரே, அது அவருடையது. தலைவர் படியேறி வந்ததைப் பார்த்ததும், "நான் இருக்கும்போது இந்த அவமானமா?" என்று எழுந்து போனார். லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருக்கிறார்.

இதோ, வெளியே மணி அடிக்கிறது. கேட்கிறதா? லிஃப்ட் மேலே வந்துவிட்டது.

அம்மா, கைப்பையை எடுங்கள். தலைவர் அவர்களே, தாங்கள் இறங்கும்போது படி வேண்டாம். செவி கொடுத்த எல்லோருக்கும் நன்றி. துடிக்கின்ற இதயங்கள் அனைத்துக்கும் வணக்கம்.