செவ்வாய்ப்பேட்டைப் பூட்டு

— இன்னும் அட்டாலி மேல என்ன பண்றே புள்ள? மூணு மணி தாண்டிருச்சு. நாலு மணிக்கு டூர் பஸ் ஆலமரத்துக்கிட்ட வந்து நிக்கும்.

— தெரியுமுங்க. தட்டப்பயத்துத் தாழிக்கு மூடி சரியா ஒக்காரல. துணி சுத்தி அழுத்திப்போட்டு எறங்கறேன். ஏணியைச் சித்தெ புடிங்க.

— புடிச்சுட்டுத்தான் நிக்கறேன். அங்கிருந்து உழுந்தீன்னா காசி யாத்திரை நாமக்கல் ஆஸ்பத்திரியோட முடிஞ்சுரும்.

— உழுந்தா உங்க மேலதான் உழுவேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டில் போட்டுப் படுத்துக்கலாம்.

— வாயைப் பாரு. பயத்துல வேப்பந்தழை போட்டியா?

— போட்டேன். தொவரைக்குச் செம்மண் கட்டியாச்சு. புளியில கொட்டை எடுத்து உப்புப் போட்டு அமுக்கியாச்சு. மொளகாயைக் காய வெச்சு மூட்டை கட்டி உத்தரத்துல தொங்க உட்டுட்டேன்.

— உத்தரத்துலயா? எலி கயித்தப் புடிச்சு எறங்காதா?

— எறங்கட்டும். கயித்துக்கு நடுவால டால்டா டப்பா மூடியைக் கோத்து வெச்சிருக்கறேன். பாதி வழி வந்தா வழுக்கிக் கீழ உழுந்துரும்.

— அடேயப்பா... இது ஆரு சொல்லிக் குடுத்தது உனக்கு?

— ஆரு சொல்லணும்? எலி வாரதைப் பாத்தேன், மூடி கெடந்துது, கோத்தேன்.

— நீ சர்க்கரை மில்லுல இருந்திருக்கணும் புள்ள. மேனேஜர் ரூமையே உனக்கு ஒழிச்சுக் குடுத்திருப்பாங்க.

— கிண்டலு வேண்டாம்.

— கிண்டல் இல்ல. நெசமாத்தான் சொல்றேன். நாப்பத்தஞ்சு நாளு ஊட்டை உட்டுட்டுப் போறோம். பத்து நாளா நீ பண்றதைப் பாத்துட்டே இருக்கறேன். அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளிப்போட்டு மொழுகி வெச்சிருக்கறே. திரும்பி வந்தா அப்பிடியே ஒலை வெக்கலாம்.

— நீங்க மட்டும் என்னவாமா? அம்பத்தெட்டு வயசுல கூரை மேல ஏறி, கோடை மழைக்கு ஒழுகக் கூடாதுன்னு ஒத்தையா ஓடு மாத்துனீங்க. இந்த ஊர்ல எந்த ஆம்பள பண்ணுவான்?

— செரி செரி. எறங்கு மொதல்ல. கால் வெக்கறதைப் பாத்து வெய்யி.

— எறங்கிட்டேன், உடுங்க கையை.

— கட்டுத்தறி காலியாக் கெடக்குதே. செவலையை ஆருகிட்ட உட்டே?

— உட்டிருக்கறேன்.

— அதான் ஆருகிட்ட?

— மாடு பாக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டத்தான். நீங்க தென்னம்பிள்ளைக்குத் தண்ணி உட ஆரைச் சொல்லியிருக்கறீங்க?

— ஆளு சொல்லியாச்சு.

— அதான் ஆரை?

— தண்ணி உடத் தெரிஞ்ச ஆளைத்தான்.

— செரியாப் போச்சு போங்க.

— இரு இரு. செவலை கத்தற மாதிரி இல்ல? செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேக்குது.

— அது உங்க தம்பி ஊட்டு மாடுங்க.

— கழுத்து மணிச் சத்தங்கூட நம்மளுதாட்டமே இருக்குது...

— ஒரே சந்தையில வாங்குன மணி வேற எப்பிடிக் கேக்கும்? ஏணியை எடுத்து உள்ள சாத்துங்க.

— சாத்தறேன், சாத்தறேன். கோவிச்சுக்காதே.

— கோவம் ஒண்ணுமில்ல. அந்தூட்டுப் பேச்சு எடுத்தாவே எனக்கு என்னமோ பண்ணுதுங்க.

— நானா எடுத்தேன்? மாடு எடுத்துச்சு.

— சொல்லட்டுங்களா... பத்து நாளா ஊர் முச்சூடும் போய், "காசிக்குப் போறமுங்க, தெரிஞ்சோ தெரியாமயோ ஏதாச்சும் பண்ணியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு ஊடு ஊடாச் சொல்லிட்டு வந்தமே. பக்கத்து ஊட்டுக்கு மட்டும் போகல. அஞ்சு வருசத்துக்கு முன்னாலயும் இதே தப்பைத்தானுங்க பண்ணுனோம். நம்ம மக சென்னியம்மா கண்ணாலத்துக்குப் பள்ளிபாளையம் வரைக்கும் போயித் தட்டம் வெச்சு அழைச்சோம். செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற சின்னுசாமிக்கும் பாவாயிக்கும் ஒரு வெத்தலபாக்கு வெக்கல.

— வெக்கணும்னு தோணவே இல்லையே புள்ள. என்ற தம்பி, நம்மூட்டுக் கண்ணாலம். அவனுக்கு என்னத்துக்கு அழைப்புன்னு நெனைச்சேன்.

— நானும் அப்பிடித்தான் நெனைச்சேன். அவங்க தட்டம் வரும் வரும்னு வாசல்ல தண்ணி தெளிச்சுக் காத்திருந்தாங்களாம். எதிரூட்டு முத்தாயம்மா சொன்னா.

— அழைக்காட்டி என்ன, உரிமையா வந்திருக்கலாமில்ல? அண்ணன் மக கண்ணாலத்துக்குக் கதவைச் சாத்திட்டு ஒக்காந்திருந்தானே. அந்தக் கோவம் எனக்கு.

— அந்தக் கோவத்துலதான், "அந்தூட்டுப் படியை மிதிச்சீன்னா இந்தூட்டுப் படியை மிதிக்காதே"ன்னு சொன்னீங்க.

— நீ மட்டும் என்ன சொன்னே? "தம்பிகிட்டப் போய் நின்னீங்கன்னா என்ற கையால சோறு கெடையாது"ன்னு சொன்னயே.

— சொன்னேன்.

— சொன்னயில்ல?

— சொன்னேன்னுதான் சொல்றேனே... ஆனா பாவாயி மாதிரி ஒருத்தி வர மாட்டாளுங்க. போன ஐப்பசியில செவலைக்குக் கன்னு குறுக்க மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்குதா? நான் கத்துன சத்தத்துக்குச் செவுரேறிக் குதிச்சு வந்தா. முழங்கை வரைக்கும் உள்ள உட்டுக் கன்னைத் திருப்பி எடுத்தா. கையைக் கழுவுனா. வந்த மாதிரியே செவுரேறிப் போயிட்டா. ஒரு வார்த்தை பேசல.

— நீயாச்சும் பேசியிருக்கலாமே.

— தொண்டை வரைக்கும் வந்துச்சுங்க. உங்களை நெனைச்சு முழுங்கிட்டேன்.

— சின்னுசாமி மட்டும் லேசுப்பட்டவனா? நம்ம மோட்டார் காயில் எரிஞ்சு போனப்ப, கரும்பு வாடுதுன்னு நான் வரப்புல ஒக்காந்திருக்கறேன். பாத்தா வாய்க்கால்ல தண்ணி வருது. அவன் மொறைத் தண்ணி. தன் மஞ்சக் காட்டைக் காயப் போட்டுட்டு நம்ம பக்கம் திருப்பி உட்டுட்டு, மம்பட்டியைத் தோள்ல வெச்சுட்டுக் கம்முனு போறான்.

— இதை எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே நீங்க?

— சொன்னா நீ என்ன சொல்லுவியோன்னு இருந்துட்டேன்.

— நல்லா இருந்தீங்க போங்க.

— கரும்பு வெட்டி மில்லுக்கு அனுப்புன அன்னிக்கு நெனைச்சேன் புள்ள. இந்த டன்னுல பாதி அவன் தண்ணியில வெளைஞ்சதுன்னு.

— அப்பறம் ஏனுங்க... போறப்ப ஒருக்கா அந்தூட்டு வாசல்ல நின்னு...

— வேண்டாம்.

— காசிக்குப் போறவங்க திரும்பி வாரது சாமி கையில இருக்குதுங்க. இப்பிடியே போயிச் சேந்துட்டா?

— வேண்டாம்னு சொன்னா வேண்டாம். இப்ப அதெல்லாம் ஆகாது. அந்தப் பக்கமே போயிராதே.

— செரிங்க. நான் போகல. நீங்களும் போயிராதீங்க.

— நான் எங்க போறேன்?

— அதானே. நான் எங்க போறேன்.

— பொழுதோட சாமி வெளக்கு வெக்க ஆருகிட்டச் சொல்லியிருக்கறே? ஊடு இருட்டாக் கெடக்கக் கூடாது.

— அது... ஆரோ வெப்பாங்க. நீங்க சொல்லலீங்களா?

— நானும்... ஆரோ வெப்பாங்கன்னுதான் இருக்கறேன்.

— எல்லாத்துக்கும் ஆள் இருக்குது. பேருதான் இல்ல.

— நேரமாச்சு புள்ள. இந்தா பூட்டு. செவ்வாப்பேட்டை போய் இதுக்குன்னே வாங்கிட்டு வந்தேன். திண்டுக்கல் பூட்டு. யானை வந்து இழுத்தாலும் தொறக்காது.

— கையில புடிக்கவே முடியல, இந்தக் கனம் கனக்குது.

— சாவியைப் போட்டுத் திருகுனாத்தான் பூட்டவே பூட்டும். சும்மா அமுக்குனாப் பூட்டாது. கடைக்காரர் ரெண்டு சாவி குடுத்தாரு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்குன்னு பிரிச்சாச்சு.

— ஆமாங்க. பூட்டுங்க, போலாம்.

— நான் பெட்டியைத் தூக்கிட்டு முன்னால போறேன். நீ பூட்டிப்போட்டு வா.

— நானா? நீங்க பூட்டுங்க. உங்க கைதான் பெரிய கை.

— இந்தூட்டுக்கு லட்சுமி நீதான். கதவை உன்ற கையால சாத்திட்டுப் போனா நல்லது.

— இன்னிக்குத்தான் லட்சுமின்னு தெரிஞ்சுதாக்கும். முப்பத்திரெண்டு வருசமா இந்தூட்டுக்கதவை நீங்கதான சாத்தறீங்க? நீங்களே சாத்துங்க.

— சொன்னாக் கேளு. உன்ற சாவியை எடு.

— உங்க சாவியை எடுங்க.

— என்றது... டிரங்குப் பெட்டி அடியில போயிருச்சு. வேட்டி, சட்டை, சொம்பு, எல்லாத்துக்கும் அடியில.

— என்றதும் சீலை மூட்டைக்குள்ள மாட்டிக்கிச்சு. அதைப் பிரிச்சா மறுபடியும் கட்டறதுக்குள்ள பஸ்ஸு போயிரும்.

— இடுப்புச் சுருக்குப்பையிலதான போட்டு வெச்சிருந்தே? மூட்டைக்குள்ள எப்பிடிப் போச்சு?

— நீங்க அரைஞாண்கயித்துலதான கட்டியிருந்தீங்க? பெட்டிக்குள்ள எப்பிடிப் போச்சு?

— பஸ் ஆரன் அடிக்கறான் புள்ள.

— கேக்குதுங்க.

— சுருக்குப்பையை ஒருக்கா தொறந்துதான் காட்டேன்.

— அதுல வெத்தலையும் பொகையிலையுந்தான் இருக்குது. ஏனுங்க, மொகத்தை ஏன் அக்கட்டால திருப்பிக்கறீங்க?

— வெய்யில் அடிக்குது.

— நெழலுல நின்னுட்டிருக்கறீங்க.

— வள்ளி... நான் ஒண்ணு பண்ணிப்போட்டேன். வையாதே.

— நானும் ஒண்ணு பண்ணிப்போட்டேனுங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க.

— நீ சொல்லு.

— நீங்க... இருங்க. செவுத்துக்கிட்ட ஆரோ வாராங்க.

— பாவாயி. அவகூடச் சின்னுசாமியும் வாரான்.

— அவ கையில என்னமோ தொங்குது.

— ஏனுங்க மாமா, ஏனக்கா, பஸ் டிரைவரு அங்க கத்திட்டிருக்கறாரு, நீங்க ரெண்டு பேரும் பூட்டைக் கையில வெச்சுக்கிட்டு இங்க நின்னு என்ன பண்றீங்க?

— பாவாயி... நீ போ அம்மிணி. நாங்க பூட்டிட்டுப் போயிக்கறோம்.

— எதை வெச்சுப் பூட்டுவீங்க மாமா? முந்தாநேத்து நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப அக்கா வந்துச்சு. தட்டத்துல வெத்தலபாக்கு வெச்சு, செவலையைப் போற அன்னிக்குக் கொண்டாந்து கட்டறேன்னுட்டு, பொழுதோட வெளக்கு வெய்யின்னு ஒரு சாவி குடுத்துச்சு. "உங்க மாமாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சாமி"ன்னு அழுதுச்சு. நேத்து அக்கா ஆத்துக்குத் துணி தொவைக்கப் போயிருந்தப்ப நீங்க வந்தீங்க. அதே மாதிரி தட்டம், அதே மாதிரி வெத்தலபாக்கு, அதே மாதிரி ஒரு சாவி. "உங்கக்காளுக்குத் தெரிஞ்சாச் சோறு போட மாட்டா"ன்னு உங்க தம்பி கையைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. நாங்க ரெண்டு பேரும் ரெண்டு நாளாச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியாம இருக்கறோம். இந்தாங்க, ரெண்டு சாவியும். ஊட்டைப் பூட்டிப்போட்டு மறுபடியும் எங்கையில குடுங்க. இந்தவாட்டி ரெண்டு பேரும் சேந்து நின்னு குடுங்க.